ஃபுல் லோடு

மடிக்கணினிக்குத் திறப்பு விழா நடத்தலாம் என்பது சேனாதிபதிக்குத் தோன்றும்வரை உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. நாயுடுபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது மேல்மலைப் பூண்டு விவசாயிகள் சங்கத்தின் அலுவலகம். அங்கே மேசைமேல் ஜமுக்காளம், ஜமுக்காளத்தின்மேல் லேப்டாப், லேப்டாப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். சங்கத் தலைவர் சேனாதிபதி கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். கைதட்டல் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் மூடியைத் திறந்தார்.

திறந்து வைப்பது என்ற சொல்லுக்கு இத்தனை விசுவாசமாக யாரும் நடந்துகொண்டதில்லை என்று அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மகாதேவி நினைத்தாள். ஆனால் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் தலைவர் முன்னால் சிரிப்பதற்கு என்று தனி நேரம் இருக்கிறது. அது அவர் ஜோக் சொல்லும் நேரம்.

அடுத்து பூஜை. சூடம் காட்டியாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் எதுவும் இல்லாததால் பக்கத்தில் வைக்கப்பட்டது. சந்தனத்தைத் தலைவரே குழைத்து, திரையின் உச்சியில் நடு நெற்றி மாதிரி ஒரு சின்ன வட்டம் தெரிந்த இடத்தில் தடவி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். அது கேமரா. அந்த லேப்டாப்பை வாங்கியதே அந்தக் கேமராவுக்காகத்தான்.

விஷயம் இதுதான். மேல்மலைப் பூண்டு காலங்காலமாக மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். அங்கே தரகர் கைமேல் துண்டைப் போட்டு விலை பேசுவார். அவர் சொன்னதுதான் விலை. இந்த வருஷம் சென்னையில் ஒரு ஊறுகாய் கம்பெனி நேரடியாக வாங்கிக்கொள்கிறேன் என்றது. அந்தத் தொடர்பைப் பிடித்தவள் மகாதேவி. வீடு வீடாகப் போய், "யாரும் வடுகபட்டிக்கு வண்டி ஏத்தாதீக, கொஞ்சம் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டவளும் அவளே. ஊர் பொறுத்தது. பூண்டு அடுப்படிப் பரணில் புகை குடித்துக்கொண்டு தொங்கியது. புகையில் தொங்குகிற பூண்டு சீக்கிரத்தில் கெடாது. ஊர்க்காரர்களின் பொறுமை கெடும். சென்னைக்காரர்கள் நழுவிவிட்டால் அத்தனை பேரும் தரகரிடமே திரும்பிப் போய் நிற்க வேண்டும். அதற்கப்புறம் மகாதேவி எந்த முகத்தோடு ஊர்க்காரர்கள் வரும் மன்னவனூர் பஸ்ஸில் ஏறுவாள்?

கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று. வீடியோவில் சரக்கைக் காட்ட வேண்டும், விவசாயிகள் பேச வேண்டும். அதற்காகத்தான் லேப்டாப்.

லேப்டாப் வந்தது வத்தலக்குண்டிலிருந்து. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனோஜ்குமார், தலைவரின் அக்கா மகன். சங்கத்துக்கு நாற்காலி வேண்டுமென்றாலும் தராசு வேண்டுமென்றாலும் தலைவருக்கு எப்படியோ ஒரு அக்கா மகன் கடை வைத்திருப்பான். மனோஜ்குமார் பெட்டியை ஒப்படைக்கும்போதே பெருமையாகச் சொன்னான்:

"காலியா குடுத்தா நல்லா இருக்காதுன்னு, ஃபுல் லோடு பண்ணியிருக்கேன் மாமா."

தலைவருக்கு அந்தச் சொல் தித்தித்தது. அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும், "காலி வண்டிய எவனும் மலை ஏத்துவானா? நம்ம பய ஃபுல் லோடு ஏத்தி அனுப்பிருக்கான்" என்றார். லாரியில் ஏற்றினால் இறக்குவதற்கும் ஓர் இடம் உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை.

என்னென்ன ஏற்றியிருந்தான் என்பது மறுநாள் பொத்தானை அழுத்தியபோது தெரிந்தது. முதலில் ஒரு வைரஸ் காவல்காரர் குதித்து வந்து, "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று அலறினார். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத கணினிக்கு என்ன ஆபத்து என்று பார்த்தால், அவருக்குச் சந்தா கட்டாததுதான் ஆபத்து. அவரை ஒதுக்கினால் ரம்மி விளையாடக் கூப்பிட்டாள் ஒருத்தி. அவளை மூடினால் ஜாதகம் பார்க்கலாமா என்றது ஒன்று, பெண் பார்க்கலாமா என்றது இன்னொன்று, உடனடிக் கடன் வேண்டுமா என்றது மற்றொன்று. ஒரு மனுஷனின் வாழ்க்கையை வரிசை தப்பாமல் முடித்துவைக்கிற ஏற்பாடு. வானிலை சொல்வதற்கும் ஒன்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கடை தெரியாத அளவுக்கு மூடுபனி, அது சொன்னது, "இன்று வெயில் கொளுத்தும், தண்ணீர் நிறையக் குடிக்கவும்." மனோஜ்குமார் ஊர்ப்பெயரை வத்தலக்குண்டு என்றே விட்டிருந்தான்.

இதற்கெல்லாம் சிகரமாக, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது ஒரு படம். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, பின்னால் உதிக்கும் சூரியக் கதிர்கள். கீழே பெரிய எழுத்தில் 'சேனாதிபதி'. மாமன்மேல் வைத்த பாசத்தில் மனோஜ்குமார் ஆளை வைத்துச் செய்த செயலி அது. கணினி விழிக்கும்போதெல்லாம் தலைவரும் விழிப்பார். "என் உயிரினும் மேலான பூண்டு விவசாயப் பெருங்குடி மக்களே" என்று தொடங்கி ஓர் உரை ஓடும். மூடுவதற்கு மூலையில் வழக்கமாக இருக்கும் பெருக்கல் குறியைத் தேடினாள் மகாதேவி. இல்லை. தலைவரை இடையில் நிறுத்துவது மரியாதையில்லை என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த நிலைமையில்தான் முதல் வீடியோ நடந்தது. கம்பெனியின் கொள்முதல் அதிகாரி துர்கா சென்னையிலிருந்து திரையில் வந்தாள். வந்ததும், "உங்க பக்கம் என்னங்க, எல்லாமே மஞ்சளா தெரியுது?" என்றாள். மகாதேவி முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். ஊர்ப் பெரிய விவசாயி சின்னக்கருப்பன் ஒரு பூண்டுக் கொத்தை ஆரத்தி காட்டுவதுபோல் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தார். அந்த நொடியில் ரம்மிக்காரி குறுக்கே வந்தாள். அவளைத் தள்ளுவதற்குள் "என் உயிரினும் மேலான" என்று தலைவர் தொடங்கிவிட்டார். துர்காவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் உறைந்து, பெட்டியே நின்றுபோனது.

சாயங்காலம் துர்கா போனில் கூப்பிட்டாள். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வியாழக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம் மேடம். அன்னைக்கும் சரக்கைப் பாக்க முடியலன்னா, நாங்க இமாச்சல் பூண்டுக்குப் போயிருவோம்."

மகாதேவி நேராக அலுவலகத்தில் தலைவரின் மேசைக்குப் போனாள்.

"தலைவரே, அந்த லேப்டாப்புல வேண்டாதது ரொம்பக் கெடக்கு. எடுத்துரட்டுங்களா?"

"எதும்மா வேண்டாதது?"

"ரம்மி, ஜாதகம், கடன் குடுக்குறது..."

"அதெல்லாம் ஃப்ரீயா வந்தது. கடைக்காரன் கொசுறு போட்டா வேண்டாம்னு தூரவா போடுவோம்?"

"கொசுறுக்கு எடம் பத்தலைங்கய்யா. வாங்குனத வைக்க முடியல."

தலைவர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் மோவாயைத் தடவுவார். யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் கவனிப்பார். மனோஜ்குமாருக்குப் போன் போட்டார். அவன் ஸ்பீக்கரில், "அக்கா, எதையாச்சும் எடுத்தீங்கன்னா வாரண்டி போயிரும்" என்றான். எந்த வாரண்டி, யார் கொடுத்தது என்று மகாதேவி கேட்டதும் அவன் கடையில் திடீரென்று கூட்டம் வந்துவிட்டது.

"சரி, நீ கேக்குறதால விடுறேன்" என்றார் தலைவர். "ரம்மிய எடு. கடன எடு. ஆனா அந்த 'சேனாதிபதி' மேல மட்டும் கைய வைக்காத. சொல்லிட்டேன். அதுவும் நானும் வேற வேற இல்ல."

மாதிரிக்குக் கொஞ்சம் பூண்டு கொண்டு வந்திருந்த விவசாயி முருகம்மாள் கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமானால் முருகம்மாள் கேட்டால் போதும்.

மகாதேவி களையெடுப்பில் இறங்கினாள். கணினி அவள் படித்த படிப்பல்ல. தோட்டத்தில் களை பிடுங்குவது தெரியும். இங்கேயும் அதே கதைதான். மேலே பிடித்து இழுத்தால் தலை மட்டும் வரும், வேர் உள்ளேயே இருக்கும். ரம்மிக்காரி போகும்போது அழுகிற முகம் காட்டி, "எங்களை விட்டுப் போகிறீர்களா?" என்றாள். நானா உன் வீட்டுக்கு வந்தேன் என்று மகாதேவி வாய்விட்டே கேட்டாள். வைரஸ் காவல்காரர் லேசில் கிளம்பவில்லை. நிஜமாகவா, யோசித்தீர்களா, நான் போனால் கதி என்ன என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் போகிற போக்கில் தன் தம்பி ஒருவனை உள்ளே விட்டுவிட்டுப் போனார். அவனையும் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்தும் கிளம்பாத உறவுக்கூட்டத்தைப் பஸ் ஏற்றிவிடுவதுகூட இதைவிடச் சுலபம். இரண்டு நாள் முழுக்க வேறு சோலி பார்க்கவில்லை. முடிவில் திரை கழுவிவிட்ட வாசல்போல் ஆயிற்று, நடுவில் கைகூப்பி நிற்கும் தலைவரைத் தவிர.

வியாழக்கிழமை பொதுக்குழுவையும் வீடியோவையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் அறிவித்தார். சென்னைக் கம்பெனி பூண்டு வாங்குகிற காட்சியை அத்தனை உறுப்பினர்களும் பார்க்க வேண்டும், பார்க்கும்போது நடுவில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நாயுடுபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்தார்கள். மேடைச் சுவரில் லேப்டாப்பின் திரை பெரிதாக விழும்படி புரொஜெக்டர் வைத்தாயிற்று. சுவருக்கு முதுகைக் காட்டி மேடையில் தலைவர். எதிரே கம்பளியும் மஃப்ளருமாக ஜனங்கள். கீழே ஓரத்தில், பூண்டுக் கூடைகளுக்கு நடுவே, லேப்டாப்போடு மகாதேவி.

துர்கா நேரத்துக்கு வந்துவிட்டாள். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வணக்கம் மேடம். உங்க வீடியோ வரலையே."

மகாதேவி கேமரா பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது: 'கேமரா தற்போது வேறு செயலியின் பயன்பாட்டில் உள்ளது: சேனாதிபதி.'

தலைவரோடு விவசாயிகள் முகம் பார்த்துப் பேசும் வசதி ஒன்றை மனோஜ்குமார் உள்ளே வைத்திருந்தான். அதை யாரும் ஒரு நாளும் திறக்கவில்லை. ஆனாலும் அது கேமராவைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. தானும் பேசாது, அடுத்தவரையும் விடாது. இதைச் செயலி என்று சொல்ல மகாதேவிக்கு மனம் வரவில்லை, அச்சு அசலாகத் தலைவரேதான்.

"கொஞ்சம் இருங்க மேடம், இந்தா வந்துருச்சு" என்றாள். செயலியை மூடப் பார்த்தாள். மூடினால் மறுபடி திறந்துகொண்டது. மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்து, "இந்த வெற்றிக்குப் பின்னால் இரவு பகல் பாராத ஒரு உழைப்பு உண்டென்றால்" என்று அந்த உழைப்பு யாருடையது என்பதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.

"எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு மேடம்" என்றது துர்காவின் குரல். "இன்னும் கொஞ்ச நேரம்தான் வெயிட் பண்ணுவேன்."

சின்னக்கருப்பன் பூண்டுக் கொத்தோடு எழுந்து நின்று, என்ன தாயி என்று கண்ணால் கேட்டார். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. மகாதேவி செயலியின் பெயரைப் பிடித்தாள், 'நீக்கு' என்பதை அழுத்தினாள்.

மேடைச் சுவர் முழுக்கத் தலைவரின் படம் எழுந்தது. படத்துக்குக் கீழே, மனோஜ்குமாரின் மரியாதைக்கு அடையாளமாக, சுவரொட்டி எழுத்தில் ஒரு கேள்வி:

'சேனாதிபதியை நீக்கலாமா? ஆம் / இல்லை.'

சின்னக்கருப்பன் கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார்.

"சே... னாதிபதிய... நீக்க... லாமா. ஏலே, தலைவர நீக்கலாமான்னுல்ல போட்டுருக்கு!"

"கேட்டுத்தான மாமா செய்யணும்" என்றாள் முருகம்மாள். "பொதுக்குழுன்னா அதுக்குத்தான கூட்டுறது?" அவள் கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் இருந்தவள் தூக்கினாள். பின்வரிசையில் இரண்டு மஃப்ளர்கள் தூக்கின. பிறகு யார் முதல், யார் கடைசி என்று சொல்ல முடியாதபடி மண்டபமே கையாக நின்றது. சுவரில் அடுத்த வரி வந்தது: 'நீக்கினால் உரைகள் அனைத்தும் அழிந்துவிடும்.'

"உரையுமா?" என்று ஒரு குரல். "அப்படின்னா ரெண்டு கையையும் தூக்குங்கப்பா!"

சுவருக்கு முதுகைக் காட்டி நின்ற தலைவருக்குத் தெரிந்தது கைகள் மட்டும்தான். உழைப்பு யாருடையது என்ற இடத்துக்கு அவர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவருடைய கண் கலங்கியது.

"போதும், போதும்" என்றார் தழுதழுத்து. "இந்த அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்!"

"எறங்கிக்கங்க, அது போதும்!" என்றது பின்வரிசை.

திரும்பிப் பார்த்தார். தன் முகத்தையே அத்தனை பெரிதாகப் பார்த்ததில் ஒரு கணம் மகிழ்ந்துபோனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு கீழே படித்தார்.

"மகாதேவி! இல்லைங்கறத அமுக்கு! இல்லைங்கறத!"

மகாதேவி எழுந்து, "இந்தா பாருங்க, இது தலைவர் பதவிய இல்ல. கம்ப்யூட்டர்ல கெடக்குற சேனாதிபதிய நீக்கலாமான்னு கம்ப்யூட்டர் கேக்குது" என்று கூட்டத்துக்கு விளக்கினாள்.

"கம்ப்யூட்டரே கேக்குதா?" என்றார் சின்னக்கருப்பன். "அப்ப அதுக்கும் தாங்க முடியலபோல."

"அது நான் இல்லய்யா!" தலைவர் மைக்கை மறந்து கத்தினார். "அது வெறும் புரோகிராமு!"

"படம் உங்க படந்தானுங்களே?" என்றாள் முருகம்மாள், மரியாதை குறையாமல். "பேரும் உங்க பேரு. அதுவும் நானும் வேற வேற இல்லன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீக, என் காதால கேட்டேன்."

அவர்களுக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரிந்தும் புரியாதவர்களாக உட்கார்ந்திருந்தார்களா என்று மகாதேவி ஆராயவில்லை. துர்கா ஒரு முறை தொண்டையைச் செருமியது கேட்டது. 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

செயலி உடனே போய்விடவில்லை. போகிறவன் ஏன் போகிறான் என்று கணினி காரணம் கேட்டது. பயன்படவில்லை, அதிக இடம் பிடிக்கிறது, மெதுவாக இயங்குகிறது, வேறு நல்லது கிடைத்துவிட்டது. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். பொதுக்குழு வரலாற்றில் முதல் தடவையாக உறுப்பினர்கள் ஒரு பொருள்மீது விவாதித்தார்கள்.

"பயன்படலன்னு போடு!"

"மெதுவான்னு எப்படிச் சொல்லுவ? திங்கிறதுல வெரசாத்தான இருக்காரு?"

"எடத்தப் புடிக்கிறதுதான்யா. அதப் போடு தாயி. அதுலதான் எல்லாம் அடங்கிப்போச்சு."

அதையே போட்டாள். சுவரில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. மேலே எழுதியிருந்தது: 'சேனாதிபதி நீக்கப்படுகிறது.'

இந்த இடத்தில்தான் தலைவர் உடைந்தார். நீக்குவதைக்கூடத் தாங்கியிருப்பார்.

"படுகிறதாம்! படுகிறார்னு போடத் தெரியலயா அந்தப் பயலுக்கு? ஆடு மாடா நான்?"

"புரோகிராமுன்னு நீங்கதான சொன்னீக" என்றார் சின்னக்கருப்பன். "புரோகிராமுக்கு 'து'தான வரும்?"

கோடு கடைசி விரற்கடையில் வந்து நின்றுகொண்டது. நகரவில்லை. "ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது பாரு" என்று யாரோ கவலைப்பட்டார்கள். பிறகு சூரியக் கதிர்களும் கூப்பிய கையும் ஒரு சத்தமுமில்லாமல் மறைந்தன. அந்த இடத்தில், மேடைச் சுவர் அளவுக்கு, சின்னக்கருப்பனின் பூண்டுக் கொத்து தெரிந்தது.

"ஓ, இப்ப சூப்பரா தெரியுது!" என்றாள் துர்கா. "இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. தோல் ஏன் இந்தக் கலர்ல இருக்கு?"

"பொகை தாயி" என்றார் சின்னக்கருப்பன். திரையைப் பார்த்துப் பேசினாரா, அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசினாரா என்று தெரியாத அளவுக்குச் சாவகாசமாக, பரணில் எப்படிக் கட்டுவது, எந்த விறகின் புகை ஆகும், எது ஆகாது என்று சொன்னார். நடுநடுவே முருகம்மாள் திருத்தினாள். துர்கா ஒரு பல்லை உரிக்கச் சொன்னாள். நசுக்கச் சொன்னாள். சென்னைக்கு வாசம் வருகிறதா என்று ஒருவர் கேட்க, அவள் சிரித்தேவிட்டாள்.

"சரிங்க. முதல் லோடு அனுப்பிருங்க. ஆர்டர் இன்னைக்கே மெயில்ல வந்துரும். நன்றி மேடம்."

தலைவர் நன்றியுரைக்காக மைக்கைத் தட்டிப் பார்த்தார். துர்கா போயிருந்தாள். உறுப்பினர்களுக்கும் மன்னவனூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில், "என் உயிரினும் மேலான" என்பது வரைக்கும்தான் கேட்டது.

தலைவர் பதவியிலிருந்து ஒருவரை எடுப்பதற்குச் சங்க விதிகளில் வேறு முறை இருக்கிறது. முன்னறிவிப்பு, குறைந்தபட்ச வருகை, கையெழுத்து என்று நிறைய. அதன்படி பார்த்தால் சேனாதிபதி இன்னும் தலைவர்தான். இதை மகாதேவி யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கேட்டிருக்க வேண்டியவர் சேனாதிபதிதான். பொதுக்குழுவுக்குப் பிறகு அலுவலகப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில் போன் வந்தது. வழக்கமாகப் போனிலும் மேடையில் பேசுவதுபோலப் பேசுகிற மனுஷன், ரகசியம் கேட்கிற குரலில் கேட்டார்:

"ஏம்மா... சிஸ்டத்துல நான் இருக்கேனா?"

மகாதேவி பொய் சொல்ல விரும்பவில்லை. லேப்டாப்பில் தேடிப் பார்த்தாள். வேர்கூட இல்லை.

"இல்லைங்களே அய்யா."

"சரி, அது கெடக்கட்டும். இன்னைக்கு மொத லோடு கெளம்புதாமே. கொடியசைக்க எத்தன மணிக்கு வரட்டும்?"

மகாதேவி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். லாரி நின்ற இடத்தில் உதிர்ந்த பூண்டுத் தோலைக் காற்று தள்ளிக்கொண்டு போனது.

"லாரி வெள்ளனேயே மலை எறங்கிருச்சுங்கய்யா. இந்நேரம் வத்தலக்குண்டு தாண்டியிருக்கும்."